பார்த்ததை எழுதுங்கள்: மனநல வார்டில் நான் கற்ற அடிப்படை

மனநல வார்டில் நர்ஸாகச் சேர்ந்த மூன்றாவது வாரம் எனக்கு இரவு டியூட்டி. முப்பது வயது இருக்கும் ஒருவர் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். படுக்கச் சொன்னால் படுப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது, எழுந்துவிடுவார். நிற்கும்போதும் சும்மா நிற்கவில்லை. இந்தக் காலையும் அந்தக் காலையும் மாற்றி மாற்றி ஊன்றி, நின்ற இடத்திலேயே நடந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கேஸ் ஷீட்டில் இப்படி எழுதினேன்: “நோயாளி கிளர்ச்சியுடன் இருக்கிறார். தூங்கவில்லை. சொல்வதைக் கேட்பதில்லை.”

காலையில் அதைப் படித்த மருத்துவர் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தின் டோஸைக் கூட்டினார். அன்று இரவு அந்த நோயாளி இன்னும் வேகமாக நடந்தார்.

மறுநாள் எங்கள் சார்ஜ் சிஸ்டர் அவரோடு சேர்ந்து நாலைந்து சுற்று நடந்தார். நடந்தபடியே கேட்டார்: “மனசு பதறுதா தம்பி, இல்ல காலு நிக்க மாட்டேங்குதா?”

“காலுதான் சிஸ்டர். உள்ளுக்குள்ள என்னமோ பிறாண்டுற மாதிரி இருக்கு. படுக்கணும்னுதான் ஆசை. முடியல.”

இதற்கு அகாதிசியா என்று பெயர். மனநோய்க்குக் கொடுக்கும் மருந்தே உண்டாக்கும் தவிப்பு இது. பெரும்பாலும் மருந்தைத் தொடங்கிய அல்லது டோஸைக் கூட்டிய சில நாட்களில், சில வாரங்களில் வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நோய் முற்றியதுபோலத் தெரியும். நானும் அப்படித்தான் எழுதினேன், அந்த வரியால் அதே மருந்து கூடுதலாக அவர் உடம்புக்குள் போனது. டோஸைக் குறைத்து, இந்தத் தவிப்பைத் தணிக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரையைச் சேர்த்தார்கள். நாலாவது நாள் அவர் கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருந்தார். ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவ்வளவு நிம்மதி எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. அந்தத் தவிப்பு தாங்காமல் உயிரை விட நினைப்பவர்களும் உண்டு என்று பிறகு படித்தபோது, அந்த மூன்று வரிகள் எவ்வளவு கனமானவை என்று புரிந்தது.

மனநல நர்ஸிங்கில் சிறப்புப் பயிற்சிக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த நோய்க்கு என்ன அறிகுறி, எந்த மருந்துக்கு என்ன டோஸ் என்பதுதான். அதெல்லாம் வேண்டும், படித்தே ஆக வேண்டும். ஆனால் அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. “கிளர்ச்சியுடன் இருக்கிறார்” என்பது என் முடிவு. “10.40 முதல் 11.20 வரை நடந்தார். மூன்று முறை படுத்து, ஒரு நிமிடத்துக்குள் எழுந்தார். நிற்கும்போது கால்களை மாற்றி ஊன்றுகிறார். கோபப் பேச்சு இல்லை. கேட்டால், படுக்க ஆசை, முடியவில்லை என்கிறார்” என்பது நான் பார்த்தது, கேட்டது. இந்த இரண்டாவது குறிப்பை எழுதியிருந்தால் அந்த மருத்துவர் டோஸைக் கூட்டியிருக்க மாட்டார். வார்டில் 24 மணி நேரமும் நோயாளியோடு இருப்பது நாம்தான். மருத்துவர் பார்க்கும் பத்து நிமிடம் போக, மீதியெல்லாம் நம் கண்ணிலும் நம் எழுத்திலும்தான் இருக்கிறது.

மனநிலைப் பரிசோதனை என்று பாடத்தில் வருமே, அது இந்தப் பார்வையை ஒழுங்குபடுத்தத்தான். தோற்றம், நடத்தை, பேச்சு, மனநிலை, எண்ணம், புலனுணர்வு, அறிவாற்றல், தன் நோயைப் பற்றிய புரிதல் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்வார்கள். மாணவியாக இருந்தபோது அது ஒரு படிவமாகத்தான் தெரிந்தது. இப்போது மாத்திரை கொடுக்கும் அந்த இரண்டு நிமிடத்திலேயே பாதியைப் பார்த்துவிடலாம் என்று தெரிகிறது. சட்டைப் பொத்தான் சரியாகப் போட்டிருக்கிறாரா, கேட்ட கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் எடுக்கிறார், நேற்று என் பெயர் சொன்னவர் இன்று சொல்கிறாரா, பேசும்போது யாரோ கூப்பிட்டதுபோல ஒரு பக்கமாகத் திரும்புகிறாரா... அந்த டம்ளர் தண்ணீரை நீட்டும் நேரம் அவ்வளவு உபயோகமானது.

ஒரு விஷயம் எனக்கு எப்போதும் பிடித்தது. குளோர்ப்ரோமசின் 1952-இல்தான் பாரீஸில் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. மனநோய் மருந்துகளின் காலம் அங்கே தொடங்கியது. அதே 1952-இல்தான் ஹில்டெகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்க நர்ஸ், நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையே உருவாகும் உறவே சிகிச்சையின் கருவி என்ற தன் கோட்பாட்டை வெளியிட்டார். நோயாளியைக் கவனிப்பது போலவே நர்ஸ் தன்னையும் கவனிக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். அன்று இரவு என் எரிச்சலை நான் கவனித்திருந்தால், “சொல்வதைக் கேட்பதில்லை” என்று எழுதியிருக்க மாட்டேன். அந்த வார்த்தைகளில் அவரைவிட நான்தான் அதிகம் இருந்தேன். “நடிக்கிறார்”, “கவனத்தை ஈர்க்கச் செய்கிறார்” போன்ற சொற்களும் இப்படித்தான். நாம் களைத்திருக்கும்போது அவை தானாகப் பேனாவில் வந்துவிடும். நான் அவற்றை எழுதுவதை விட்டுப் பல வருடமாகிறது.

“நடிக்கிறார்” என்றதும் ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். பத்தொன்பது வயது. மனநோய் மருந்து ஊசி போட்ட மறுநாள் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது, கண்கள் மேலே செருகி நின்றன, வாய் பேச வரவில்லை. ஆனால் முழு நினைவோடு இருந்தான், கண்ணோரம் நீர் வழிந்தது. கூட இருந்த ஒருவர், “நேத்து வரைக்கும் நல்லாதானே இருந்தான், வீட்டுக்குப் போகணும்னு பண்றான்” என்றார். அது அக்யூட் டிஸ்டோனியா. மனநோய் மருந்தைத் தொடங்கிய முதல் சில நாட்களில், முக்கியமாக இளவயது ஆண்களுக்கு வரும் தசைப்பிடிப்பு. ப்ரோமெதசின் போன்ற ஊசி போட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் விட்டுவிடும். தொண்டைத் தசை இறுகினால் மூச்சுக்கே ஆபத்து, அதனால் காத்திருக்கக் கூடாது. ஊசி வேலை செய்யும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “இது மருந்தால வந்தது, சரியாயிடும், நான் இங்கேயே இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பின்னாளில் அவன் மாத்திரையை விடாமல் சாப்பிட்டதற்கு அந்தப் பத்து நிமிடம் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். முதல் அனுபவத்திலேயே பயந்துபோனவர்கள் மருந்தை விட்டுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்கிறேன். மனநோய் மருந்து சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல், உடம்பு குழாய்போல விறைப்பு, வியர்வை, ஏறி இறங்கும் பிபி, குழப்பம் எல்லாம் சேர்ந்து வந்தால், அந்த மருந்தாலேயே வரும் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் என்ற ஆபத்தான நிலை என்று சந்தேகப்பட வேண்டும். அரிதுதான், ஆனால் உயிரைக் குடிக்கும். அடுத்த டோஸைக் கொடுக்காமல் நிறுத்தி, மருத்துவரை உடனே கூப்பிட வேண்டும். இரவு இரண்டு மணி என்று தயங்க இடமே இல்லை.

மனநல நர்ஸ் என்றால் உடம்பைப் பார்க்கும் வேலை குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது தலைகீழ் என்று காட்டியவர் ஓர் எழுபது வயது பெரியவர். பொது வார்டிலிருந்து “மனநோய்” என்று எழுதி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். பகல் பதினொரு மணிக்குப் போனபோது என்னோடு தெளிவாகப் பேசினார், மகள் பெயர் சொன்னார். மாலை ஆறு மணிக்கு என்னைத் தன் தங்கை என்று நினைத்துத் திட்டினார். இந்த ஏற்ற இறக்கம்தான் துப்பு. எழுபது வயதில் முதல் தடவையாக, ஓரிரு நாளில் திடீரென்று தொடங்கி, நேரத்துக்கு நேரம் மாறி, இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரிந்தால், முதலில் டெலிரியம், அதாவது உடம்புக் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பம் என்றுதான் நினைக்க வேண்டும். மனச்சிதைவில் (ஸ்கிசோஃப்ரினியா) குரல் கேட்பதுதான் அதிகம். அது பெரும்பாலும் இளவயதில் தொடங்கும். நினைவு இப்படி மங்கி மங்கித் தெளியாது.

டெலிரியம் என்றால் காரணம் உடம்பில் இருக்கிறது, தேட வேண்டும். காய்ச்சல், ஆக்சிஜன், சர்க்கரை, சிறுநீர், மலச்சிக்கல், வலி, புதிதாகச் சேர்த்த மாத்திரை, திடீரென்று நிறுத்திய குடி. நான் அவர் அடிவயிற்றில் கை வைத்தபோது தொப்புளுக்குக் கீழே கல் மாதிரி இருந்தது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. தூக்கத்துக்கென்று மூன்று நாள் முன் சேர்த்த மாத்திரை ஒன்று சிறுநீரை அடைத்திருந்தது, அதுவே குழப்பத்தையும் கூட்டியிருந்தது. குழாய் போட்டு, அந்த மாத்திரையை நிறுத்தி, வெளிச்சமான கட்டிலுக்கு மாற்றி, மூக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தோம். கண்ணாடி பொது வார்டிலேயே கிடந்திருக்கிறது! மூன்றாம் நாள் பூச்சிகள் போய்விட்டன.

குடியைப் பற்றி மட்டும் கொஞ்சம். தினமும் குடித்தவர் வேறு எதற்காகவோ அட்மிட் ஆவார், குடி நின்றுவிடும். முதல் நாள் கைநடுக்கமும் வியர்வையும் வரும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் குழப்பமும் மாயக்காட்சியும் வரலாம். அதனால் அட்மிஷனில் “கடைசியாக எப்போது குடித்தீர்கள்?” என்று கேட்டு, நேரத்தையும் எழுதிவிடுங்கள். “குடிப்பழக்கம் உண்டு” என்று மட்டும் எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு எதுவும் தெரியாது. குளுக்கோஸ் ஏற்றும்போது தயமின் (வைட்டமின் பி1) சேர்ந்து போகிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் போனால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வர வாய்ப்பிருக்கிறது.

க்ளோசபின் என்ற மனநோய் மருந்தைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது, அது ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடலாம் என்பதுதான். முதல் 18 வாரம் வாரந்தோறும் ரத்தம் பார்ப்பது பல நாடுகளில் வழக்கம். ஆனால் தொண்டைவலி, காய்ச்சல் என்று அவர் சொல்வதை முதலில் கேட்கும் ஆள் நாம். மலச்சிக்கலையும் அதே அளவு பயத்தோடு பார்க்க வேண்டும். க்ளோசபினால் குடல் நின்றுபோய் இறந்தவர்கள் உண்டு. “கடைசியாக எப்போது மலம் போனீர்கள்?” என்று தினமும் கேட்க எனக்கு இப்போது கூச்சமே இல்லை. புகையும் இதில் சேரும். சிகரெட் புகை கல்லீரலைத் தூண்டி க்ளோசபினை வேகமாக வெளியேற்றும். வார்டுக்கு வந்து புகை நின்றால், அதே டோஸில் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். ஒருவர் இப்படி எச்சில் வடிய நாள் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தார், “நல்லா ரெஸ்ட் எடுக்கிறார்” என்று ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தோம். தூண்டுவது புகைதான், நிகோட்டின் இல்லை. ஆகவே நிகோட்டின் பேட்ச் ஒட்டியிருந்தாலும் இது நடக்கும்.

சரி, பேச்சுக்கு வருகிறேன். எனக்கு அதிகக் காலம் பிடித்தது இதில்தான்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்க எனக்கு வாய் வராது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். தெரிந்தும் வாய் வராது. அதனால், “தப்பா எதுவும் யோசிக்கலையே?” என்று கேட்பேன். அந்தக் கேள்வியிலேயே “இல்லை” என்ற பதில் இருக்கிறது. எல்லோரும் இல்லை என்றார்கள், நானும் இல்லை என்றே எழுதினேன். மனச்சோர்வோடு வந்த ஓர் அம்மாவிடம்தான் முதல் தடவையாக மாற்றிக் கேட்டேன். “இவ்வளவு கஷ்டமா இருக்கும்போது சில பேருக்குச் செத்துப்போயிடலாம்னு தோணும்மா. உங்களுக்கு அப்படித் தோணுதா?” அவர் சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தார். நான் அவசரப்படாமல் இருந்தேன். அப்படிச் சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு அவர் சாதாரணமாகச் சொன்னார்: “விடியக்காலைலதான் அதிகம். நாலு மணிக்கு முழிப்பு வந்துடும். வெளிச்சம் வந்துட்டா கொஞ்சம் பரவால்ல.”

தீவிர மனச்சோர்வில் அதிகாலை விழிப்பும், காலையில் கனம் கூடுவதும் பாடத்தில் உள்ளவைதான். ஆனால் எங்கள் வார்டில் நாலு மணி என்பது ரவுண்ட்ஸ் முடித்து நாங்கள் கணக்கு எழுத உட்காரும் நேரம். அவர் சொன்னதற்குப் பிறகு அந்த நேரத்தில் ஒருவர் அவர் அருகில் இருப்பது என்று மாற்றிக்கொண்டோம். “ஆபத்து: அதிகம்” என்று ஒரு பெட்டியில் டிக் போட்டிருந்தால் இது தெரிந்திருக்காது. ஆம் என்று ஒருவர் சொன்னால் அடுத்த கேள்விகளையும் கேளுங்கள்: எப்போது வருகிறது, எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கானது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, இதுவரை எது தடுத்தது. மருந்து வேலை செய்யத் தொடங்கும்போது மனம் தெளிவதற்கு முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடலாம் என்பதையும், டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை என்பதையும் வீட்டாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். “தேறிட்டாங்க” என்று எல்லோரும் கவனத்தைத் தளர்த்தும் நேரம் அது.

குரல் கேட்கிறது என்பவரிடம் வாதாடுவதும் தவறு, தலையாட்டுவதும் தவறு. நான் சொல்வது இதுதான்: “எனக்கு அது கேட்கல. ஆனா உங்களுக்குக் கேட்குதுன்னு நம்புறேன். என்ன சொல்லுது?” அந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குரல் கட்டளையிடுகிறதா, யாரைப் பற்றி, கீழ்ப்படிய வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறதா என்பது தெரிந்தே ஆக வேண்டும்.

கோபமாக ஒருவர் கத்தும்போது நான் செய்த பெரிய பிழை, வாசலில் நின்றது. தடுப்பதாக நினைத்தேன், அவருக்கோ வழி அடைபட்டது. இப்போது இருவருக்கும் வழி இருக்கும்படி, கொஞ்சம் பக்கவாட்டாக, இரண்டு கை தூரத்தில் நிற்கிறேன். ஒருவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும். பெரும்பாலும் அவர் ஏதோ ஒன்றைக் கேட்டுக் கிடைக்காமல் இருப்பார்: ஒரு போன், ஒரு பதில். பிடித்து நிறுத்த வேண்டிய கட்டாயம் வந்தால், குப்புறப் போட்டு முதுகில் அழுத்துவது உயிரைப் பறிக்கும் என்பதை மறக்கவே கூடாது. ஒருவருடைய வேலை முழுக்க அவர் மூச்சையும் முகத்தையும் பார்ப்பது மட்டும்தான்.

போன மாதம் காலை ரிப்போர்ட் கேட்டுக்கொண்டிருந்தேன். இரவு டியூட்டி பார்த்தவர் சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஒரு பெண். இருமுனை மனநோய்க்கு லித்தியம் சாப்பிடும் நோயாளி ஒருவரைப் பற்றி அவர் எழுதியிருந்ததை அப்படியே படித்தார்: “11.00: தண்ணீர் டம்ளர் பிடிக்கும்போது கை பெரிதாக நடுங்கியது, தண்ணீர் சிந்தியது. நேற்று இரவு இப்படி இல்லை. 1.30, 3.15: வயிற்றுப்போக்கு. 5.00: பாத்ரூம் போகும்போது இரண்டு முறை சுவரைப் பிடித்தார். பேச்சு குழறுகிறது. மூட்டுவலிக்கு மூன்று நாளாக ஐபுப்ரோஃபென் சாப்பிட்டதாகச் சொல்கிறார், மாத்திரை பையில் இருந்தது. டியூட்டி டாக்டரிடம் சொல்லியாயிற்று. காலை லித்தியம் கொடுக்கவில்லை.”

நோயின் பெயர் எதுவும் அதில் இல்லை. லித்தியம், ரத்தத்தில் அதன் அளவைப் பொதுவாக லிட்டருக்கு 0.6-க்கும் 1.0 மில்லிமோலுக்கும் இடையே வைக்க நினைக்கும் மருந்து, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. நீர்ச்சத்து குறைந்தாலும், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை சேர்ந்தாலும் ரத்தத்தில் ஏறும். டியூட்டி டாக்டர் காலை வரை காத்திருக்கவில்லை, ஐந்தரைக்கே ரத்தம் எடுத்து அனுப்பி டிரிப் போட்டிருந்தார். ரிப்போர்ட் முடிவதற்குள் லேபிலிருந்து போன் வந்தது. 1.9.